ஊசி போட்ட பிறகு பேசக் கூடாது

முதல்லயே சொல்லிடறேன். இது கதை இல்லை, எனக்கு நடந்தது. நம்பறவங்க நம்புங்க. நம்பாதவங்க இத்தோட எழுந்து போய் வேற வேலையைப் பாருங்க, எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேய்னா ராத்திரியில இருட்டுலதான் வரும்னு யார் கிளப்பி விட்டாங்களோ தெரியலை. எனக்கு வந்தது காலை பதினொரு மணிக்கு. ஏசி ஓடுது, டியூப் லைட் எரியுது, தலைக்கு மேல கேமரா வேற.

நான் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவ. நாய், பூனை, ஒரு தடவை ஒரு ஆமைக்குக் கூட எடுத்திருக்கேன். அங்க எனக்குப் பட்டப்பெயர் ரேடியோ. ஏன்னு கேக்காதீங்க, இந்நேரம் புரிஞ்சிருக்கும். தூக்கத்துல மட்டும்தான் இவ வாய் மூடியிருக்கும்னு என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவார். இதுல வேடிக்கை என்னன்னா, நாள் முழுக்க நான் மத்தவங்களைப் பார்த்துச் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். "பேசாதீங்க. நீங்க பேசினா உங்க நாய் தலையைத் திருப்பும், படம் கெட்டுடும்."

அப்படிப்பட்ட எனக்கு வலது நுரையீரல்ல ஒரு கட்டி. கோலிக்குண்டு அளவு. இருமல் நிக்கலையேன்னு எடுத்த எக்ஸ்ரேல தெரிஞ்சுது. டாக்டர் சுத்தி வளைக்காம சொன்னார். "அது அங்க மட்டும் இருந்தா வெட்டி எடுத்துடலாம், பிழைச்சுக்குவீங்க. வேற எங்கயாவது பரவியிருந்தா வெட்டறதுல பிரயோஜனம் இல்லை. உடம்பு முழுக்க பெட் ஸ்கேன்னு ஒண்ணு எடுத்தா தெரிஞ்சுடும்."

"பெட் ஸ்கேனா? அதான் தினம் நாய்க்கும் பூனைக்கும் எடுக்கறியே, அங்கயே படுத்துக்கோ," ன்னார் வீட்டுக்காரர். சொல்லிட்டு அவரே சிரிக்க முடியாம முகத்தைத் திருப்பிக்கிட்டார். எங்க பொண்ணு அப்போ மூணாங்கிளாஸ். அவளுக்குத் தலை பின்னி விடறப்போ எனக்குக் கை ஓடலை. அவ பெரியவளாகறதைப் பார்ப்பேனான்னு ஒரே நினைப்பு.

ஸ்கேன் நடந்தது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் காலையில டாக்டர்கள் எல்லாரும் கூடி, எனக்கு ஆபரேஷன் உண்டா இல்லையான்னு முடிவு பண்றதா ஏற்பாடு. ஊசி மருந்து வேற ஊர்லேர்ந்து விடியக்காலையில கார்ல வரும். சில மணி நேரத்துல அதோட வீரியம் போயிடும். அன்னைக்கு விட்டா அடுத்த முறைக்கு மூணு வாரம் காத்திருக்கணும். கட்டி அதுவரைக்கும் காத்திருக்குமா?

ஸ்கேன் சென்டர்ல ஒரு டெக்னீஷியன். முப்பது வயசிருக்கும். தம்பின்னே கூப்பிட்டேன். வந்ததுலேர்ந்து ஒரே கேள்வி.

"அக்கா, உங்களுக்கு சர்க்கரை வியாதி இருக்கா?"

"இல்லைப்பா."

விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி குத்தினார். "காலையில இன்சுலின் ஏதும் போட்டுக்கலையே? நிச்சயமா?"

"எத்தனை தடவைப்பா கேப்பே? ஸ்டாம்ப் ஒட்டி எழுதித் தரட்டுமா?" ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவர் சிரிக்கலை.

ஊசியை ஈயப் பெட்டியில வெச்சு, பத்திரமா தூக்கிட்டு வந்தார். போட்டதும் விளக்கினார். மருந்து வேற ஒண்ணுமில்லை, சர்க்கரைதான். அதுல துளி கதிர்வீச்சு கலந்திருக்கு. உடம்புல எந்தச் சதை ரொம்ப வேலை செய்யுதோ அது அந்தச் சர்க்கரையைத் தின்னும், படத்துல பளிச்சுன்னு எரியும். கட்டி எரியும். நடந்தா கால் எரியும். பேசினா தொண்டை எரியும்.

"அதனால ஒரு மணி நேரம் அசையக் கூடாது. ஃபோன் கூடாது. முக்கியமா வாயைத் திறக்கவே கூடாது. ரொம்ப முடியலைன்னா மட்டும் இந்த பெல்லை அழுத்துங்க."

சாய்வு நாற்காலி பக்கத்துல சுவத்துல ஒரு சிவப்பு பெல். அந்தச் சுவர்லயே அது மட்டும்தான் புதுசா இருந்துச்சு. அறைக்கு ஜன்னல் கிடையாது. வலது பக்கம் ஒரு சாம்பல் நிறத் திரை, அறையைப் பாதியா மறைச்சுத் தொங்குது. அந்தப் பக்கம் இன்னொரு ஆள் இருக்காங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன். தம்பி என் மேல ஒரு நீலப் போர்வையைப் போத்திட்டுப் போனார். கதவு ஈயக் கதவு. மூடினப்போ சத்தமே வரலை, காது மட்டும் அடைச்ச மாதிரி ஆச்சு.

எதிர்ல கடிகாரம். பதினொண்ணு அடிக்க ரெண்டு நிமிஷம்.

நான் நல்ல பிள்ளையா வாயை மூடிக்கிட்டேன். நினைச்சாலே சிரிப்பு. ரேடியோவை ஆஃப் பண்ணிட்டாங்கன்னு ஆஸ்பத்திரியில கேள்விப்பட்டா கேக் வெட்டுவாங்க.

அப்போதான் கேட்டுச்சு.

"யாராவது இருக்கீங்களா?"

பொம்பளைக் குரல். ரொம்ப மெதுவா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்கன்னு கேக்கற மாதிரி. திரைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து. நான் பதில் சொல்லலை. மனசுக்குள்ள, 'அம்மா தாயே, பேசக் கூடாது, உனக்கும்தானே சொல்லியிருப்பாங்க' ன்னேன்.

"பேசக் கூடாதுன்னு சொன்னாங்க..." அந்தக் குரலே சொல்லிச்சு. "தெரியும்... ஆனா எனக்கு என்னமோ பண்ணுது."

எனக்குப் பாவமா இருந்துச்சு. நானா இருந்தா இந்நேரம் கூரை பறக்கற மாதிரி கத்தியிருப்பேன். இந்தம்மா இப்படி முனகறாங்களே. பெல்லை அழுத்த வேண்டியதுதானே? ஒருவேளை அவங்க பக்கம் பெல் இல்லையோ?

"கை நடுங்குது."

கொஞ்சம் கழிச்சு, "வேர்க்குது. இவ்வளவு குளிர்ல வேர்க்குது."

மேல ஸ்பீக்கர் கரகரன்னுச்சு. தம்பியோட குரல். "பேசாதீங்க. தயவு செஞ்சு."

அப்பாடா, கேமராவுல பார்த்துட்டார், இனிமே அவர் பார்த்துப்பார்னு நிம்மதியாச்சு. ஆனா அவர் வரலை. அந்தக் குரலும் நிக்கலை.

"கொஞ்சம் சர்க்கரை இருக்கா?"

இதைக் கேட்டப்போ எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. நான் எச்சில் முழுங்கினேன். குரல் நின்னுச்சு. முழுங்கி முடிச்சதும் மறுபடி ஆரம்பிச்சுது. "ஒரு ஸ்பூன் போதும்..."

தற்செயலா இருக்கும்னு விட்டேன். ஆனா மனசு கேக்கலை. வேணும்னே இன்னொரு தடவை எச்சில் முழுங்கிப் பார்த்தேன்.

நின்னுச்சு.

மூச்சை இழுத்துப் பிடிச்சேன்.

குரல் இல்லை.

மூச்சை விட்டேன்.

"...கண்ணு மங்கலா தெரியுது. கதவைத் திறக்கச் சொல்லுங்களேன்."

நாக்கு வறண்டு கிடந்துச்சு. ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருக்கேன், தொண்டை ஏன் இப்படிக் காயணும்? கல்யாண வீட்டுல நாள் முழுக்கப் பேசிட்டு வந்தா ஒரு வலி வருமே, அந்த வலி.

ஸ்பீக்கர். இந்தத் தடவை கோபமா. "அக்கா, எத்தனை தடவை சொல்றது? நீலப் போர்வை... உங்களைத்தான் சொல்றேன்."

குனிஞ்சு பார்த்தேன்.

நீலப் போர்வை என் மேலதான் இருந்துச்சு.

கையை மெதுவா வெளியில எடுத்தேன். விரலை உதட்டுல வெச்சேன்.

உதடு அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

நான் அசைக்கலை. என் பொண்ணு மேல சத்தியமா நான் அசைக்கலை. அது பாட்டுக்கு அசையுது. "கதவைத் திறங்க... கதவைத் திறங்க..." காத்து என் நெஞ்சுலேர்ந்து போகுது, நாக்கு என் நாக்கு, குரல் மட்டும் என்னுது இல்லை.

உள்ளங்கையால வாயை அழுத்தி மூடினேன்.

கைக்குள்ள அசைஞ்சுது.

ரெண்டு கையாலயும் மூடினேன். பல்லைக் கடிச்சேன். கடிச்ச பல்லுக்குள்ளேயே நாக்கு புரளுது. கத்தலாம்னு பார்த்தேன். எப்படிக் கத்தறது? என் வாய் என்கிட்ட இல்லை.

பெல்லை அழுத்தினேன்.

"என்னக்கா?" தம்பிதான். "இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. இப்போ வெளியில வந்தா ஊசி வீண். ரொம்ப முடியலையா? முடியலைன்னா கையைத் தூக்குங்க, வந்துடறேன்."

கையைத் தூக்கினா போதும். கதவு திறந்துடும். நான் ஓடிடலாம்.

ஓடினா மூணு வாரம். நாளைக்கு டாக்டர்கள் கூடறப்போ என் படம் இருக்காது. கோலிக்குண்டு எலுமிச்சங்காய் ஆகும். என் பொண்ணு...

கையைப் போர்வைக்குள்ள விட்டுக்கிட்டேன்.

அந்தப் பதினஞ்சு நிமிஷமும் என் வாய் பேசினதை நான் உக்காந்து கேட்டேன்.

"பசிக்குது..."

கடிகாரம் நகரலை.

"பார்க்கறாங்க... கேமராவுல பார்க்கறாங்க. வருவாங்க."

கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுது.

"வருவாங்க..."

"வரு..."

நின்னுடுச்சு.

அது பேசினதை விட, நின்னதுதான் எனக்குத் தாங்கலை. அந்த அமைதியில யாரோ செத்துப் போன மாதிரி இருந்துச்சு.

கதவு திறந்துச்சு. தம்பி உள்ள வந்தார், முகம் கடுகடுன்னு. நான் பேச வாயைத் திறந்தேன். கரகரன்னு, ஆனா என் குரல்தான் வந்துச்சு. "அந்தத் திரைக்குப் பின்னாடி யாரு?"

அவர் போய்த் திரையை விலக்கினார்.

கை கழுவற தொட்டி. பக்கத்துல வெறும் தரை. தரையில நாலு ஓட்டை, எதையோ முடுக்கி வெச்சிருந்து கழட்டின மாதிரி.

"இன்னைக்கு நீங்க ஒருத்தர்தான்க்கா," ன்னார்.

அதுக்கப்புறம் ஸ்கேன் மெஷின்ல இருபது நிமிஷம் படுத்திருந்தேன். உதட்டைக் கடிச்சுக்கிட்டே படுத்திருந்தேன். எழுந்தப்போ ரத்தம் கசிஞ்சிருந்துச்சு.

மறுநாள் டாக்டர் முன்னாடி நானும் வீட்டுக்காரரும். டாக்டர் கம்ப்யூட்டரை எங்க பக்கம் திருப்பினார். கறுப்புல என் உடம்பு. நெஞ்சுல ஒரு புள்ளி எரியுது. அதுதான் கட்டி. அதுக்கு மேல, தொண்டையில, அடுப்புத் தணல் மாதிரி ஒரு வெளிச்சம். கட்டியை விடப் பெரிசு.

"ஊசி போட்ட பிறகு பேசினீங்களா?" ன்னு கேட்டார். "பேசியிருந்தா இது வெறும் பேச்சுதான், கவலையில்லை. திங்கக்கிழமையே ஆபரேஷன். பேசலைன்னா இது பரவினதா இருக்கலாம். ஆபரேஷனை நிறுத்திட்டு முதல்ல இங்க சதை எடுத்துப் பார்க்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

நான் என்னன்னு சொல்ல? பேசலைன்னு சொன்னா எனக்கு ஆபரேஷன் கிடையாது. பேசினேன்னு சொன்னா அது பொய். பொய்யும் இல்லை. என் தொண்டைதானே பேசிச்சு?

வீட்டுக்காரர் முந்திக்கிட்டார். "இவளா? பேசாம இருந்திருந்தாதான் டாக்டர் அதிசயம்."

"பேசினேன் டாக்டர்," ன்னேன்.

"யார்கிட்ட?"

எனக்கு நானேன்னு மழுப்பினேன், அவரும் விட்டுட்டார். தொண்டைக்குள்ள ஒரு சின்னக் குழாய் கேமரா விட்டுப் பார்த்தார். சுத்தமா இருந்துச்சு. ஆபரேஷன் நடந்துச்சு, கட்டியை எடுத்தாச்சு, இதோ உங்ககிட்ட வாயடிச்சுட்டு இருக்கேன். அந்த அறையைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடலை. பயத்துல ஏதோ மனப்பிராந்தின்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

ஆறு மாசம் கழிச்சு ஆஸ்பத்திரியில எங்க டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டாங்க. "ரேடியோ, இங்க வாயேன், ஒரு வினோதம் காட்டறேன்."

எங்ககிட்ட வர்ற ஒரு பெரிய நாய், செல்லப்பேர் குண்டன். ஈரல்ல கட்டி. மனுஷங்க வராத ஞாயிற்றுக்கிழமையில, அந்த ஸ்கேன் சென்டர்ல கெஞ்சிக் கேட்டு அதுக்கும் படம் எடுத்திருக்காங்க. ஊசி போட்டு, ஒரு மணி நேரம் அந்த அறையில வெச்சிருக்காங்க. எந்த அறைன்னு நான் கேக்கலை. எனக்குத் தெரியும்.

"தொண்டையைப் பாரு," ன்னாங்க.

பார்த்தேன். தணல்.

"விடாம குரைச்ச நாய்க்குத்தான் இப்படி வரும். ஆனா நான் இதை முழு மயக்கத்துல படுக்க வெச்சிருந்தேன். மூச்சுக்குழாய்ல ட்யூப் போட்டாச்சு. ட்யூப் இருக்கறப்போ குரல் நாண் ரெண்டும் ஒட்டவே ஒட்டாது, சத்தமே வராது. நான் கேமராவுல பார்த்துட்டேதான் இருந்தேன். வாய் மட்டும்..." டாக்டரம்மா பாதியில நிறுத்திட்டாங்க.

"வாய் மட்டும்?"

"அசைஞ்சுட்டே இருந்துச்சு. மயக்கம் தெளியுது போலன்னு நினைச்சேன். நாய் வாய் அசையற மாதிரி இல்லை, போ."

அன்னைக்குச் சாயங்காலமே அந்தத் தம்பியைப் போய்ப் பார்த்தேன். வாசல்ல வெச்சே மடக்கினேன். "உண்மையைச் சொல்லு. அந்த நாலு ஓட்டையில என்ன இருந்துச்சு?"

என்னை ஓரமா கூட்டிட்டுப் போனார். அப்புறம் சொன்னார்.

முன்னாடி அந்த அறையில ரெண்டு நாற்காலி. நடுவுல திரை. ஒரு நாள் ஒரு தையல்காரம்மா வந்தாங்க. கூட யாரும் வரலை. சர்க்கரை வியாதி உண்டு. வழக்கம் போல காலையில இன்சுலின் போட்டுக்கிட்டு, ஸ்கேனுக்காக வெறும் வயித்தோட வந்திருக்காங்க. இங்க யாரும் துருவித் துருவிக் கேக்கலை. அசையாதீங்க, பேசாதீங்கன்னு சொல்லி உக்கார வெச்சாங்க. பெல் அப்போ கிடையாது. அந்த நேரம் பார்த்து மெஷின் பழுது. எல்லாரும் அங்க ஓடிட்டாங்க. கேமரா டிவியும் படம் அப்படியே நின்னு போச்சு. அது யாருக்கும் தெரியலை.

"போறப்போ வர்றப்போ டிவியில பார்த்தோம்க்கா. அசையாம உக்காந்திருந்தாங்க. எவ்வளவு நல்லா ஒத்துழைக்கிறாங்கன்னு..." மெஷின் சரியாகி உள்ள போய்ப் பார்த்தப்போ, சர்க்கரை இறங்கி அவங்க உயிர் போயிருந்துச்சாம்.

"பக்கத்து நாற்காலியில ஆள் இல்லையா? அவங்களாவது சொல்லக் கூடாதா?"

"இருந்தார். கேட்டோம். ஒரு சின்னச் சத்தம் கூட வரலைன்னார். அந்தம்மா ஒண்ணுமே கேக்கலை. நாங்கதான் பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தோமே."

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. அன்னைக்கு என் உடம்புல ஏத்தினதும் சர்க்கரைதானே.

இதோட முடிஞ்சிருந்தா நான் எழுதியிருக்க மாட்டேன். வர்ற வியாழக்கிழமை எனக்கு மறு ஸ்கேன். இந்தப் பக்கத்துல வேற சென்டர் கிடையாது. அதே அறை, அதே நாற்காலி. டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். "இந்தத் தடவை ஒரு வார்த்தை கூடாது. மறுபடி தொண்டை எரிஞ்சா பேச்சுன்னு விட முடியாது. மருந்து ஆரம்பிச்சாகணும்." அவர்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல?

நேத்து மத்தியானம் சோபாவுல சாஞ்சவ அப்படியே தூங்கிட்டேன். யாரோ தோளைத் தட்டினாங்க. கண்ணைத் திறந்தா என் பொண்ணு. ஒரு கையில சர்க்கரை டப்பா, இன்னொரு கையில ஸ்பூன்.

"என்னடி இது?"

"நீதானேம்மா கேட்டே? ஒரு ஸ்பூன் போதும்னு." அவ முகம் வெளிறிப் போயிருந்துச்சு. "ஏம்மா என்னைப் போய் வாங்க போங்கன்னு கூப்பிட்டே?"